பெண்களின் நாட்பட்ட அடிவயிற்று நோவும் சத்திர வைத்தியமும்

விழா மலர்களிலே சரித்திரக் கட்டுரைகளும் சமயக் கட்டுரைகளும் இலக்கியக் கட்டுரைகளும் இடம்பெறுதல் வழக்கம். வைத்தியக் கட்டுரை இடம்பெறுதல் அரிது. பெண்களுக்குரிய நோயொன்றைப் பற்றிய கட்டுரை இடம்பெறுதல் அதனினும் அரிது. இம்மலரை வாசிப்போருட் பெரும்பாலார் ஆடவர். அவர், தமக்கு இஃது எற்றுக்கு என்று வினவுதல் கூடும். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிலே, ஒரு பெண் வைத்தியசாலைக்குப் போவதா இல்லையா என்பதையும், அவள் உடலிலே கத்தி வைக்கலாமா ஆகாதா என்பதையும் தந்தையோ கணவனோ மகனோ தீர்மானித்தல் இன்றும் உண்டு. அத்தீர்மானம் அவளுக்கே உரியது என்பது எம் துணிபு. எனினும், அவள் அருகே நின்று சொல் சொல்பவர் விஷயம் அறிந்து சொல்லுதல் வேண்டுமன்றோ? அவ்வறிவுக்கு ஒரு சிறு துணையாக இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நோவின் இலக்கணம்

அடிவயிற்றிலே, கொப்பூழுக்குக் கீழே, 6 மாதங்களாயினும் அதற்கு மேலாயினும், இடையறாதேனும் விட்டுவிட்டேனும் நிலைத்து நிற்கும் நோவையே வைத்தியர் நாட்பட்ட அடிவயிற்று நோவு என்பர். கருப்பத்தால் வரும் நோவும், மாதவிடாய் நாளில் மாத்திரம் வந்து அந்நாளோடு ஒழியும் நோவும் இதனுள் அடங்கா. இஃது ஒரு நோயின் பெயரன்று. ஒரு குறியின் பெயர். காய்ச்சல் எவ்வாறு பல நோய்களுக்குப் பொதுவான குறியோ, அவ்வாறே இதுவும் பல நோய்களுக்குப் பொதுவானது. காய்ச்சலுக்கெல்லாம் ஒரு மருந்து இல்லாதவாறு போல, இந்நோவுக்கெல்லாம் ஒரு சத்திர சிகிச்சை இல்லை. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

இஃது அரிதாக வருவது என்று நினைத்தல் வேண்டா. இங்கிலாந்துக் குடும்ப வைத்தியரின் பதிவுகளை ஆராய்ந்து 1999இலே வெளியிடப்பட்ட கணக்கின்படி, ஓராண்டிலே 1000 பெண்களுள் 38 பேர் இந்நோவு உடையராகக் காணப்பட்டனர். தொய்வு எனப்படும் ஆஸ்துமா நோய் உடையார் 37 பேர். முதுகுநோவு உடையார் 41 பேர். தொய்வைப் பற்றியும் முதுகுநோவைப் பற்றியும் அயலார் எல்லாரும் அறியப் பேசுகின்றோம். ஏறத்தாழ அதேயளவினரை வருத்தும் இந்நோவைப் பற்றியோ வீட்டுக்குள்ளேயும் பேசுவதில்லை.

காரணங்கள்

இடுப்பென்புகள் சூழ்ந்து அமைக்கும் கிண்ணம் போன்ற இடத்தை இடுப்புக்குழி என்பாம். அதன் முன்புறத்திலே சலப்பை, நடுவிலே கருப்பை, பின்புறத்திலே மலக்குடல், இருமருங்கும் சூலகங்களும் கருக்குழாய்களும் அமைந்துள்ளன. இவற்றிலிருந்து நோவுச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புகள் முண்ணாணிலே ஏறத்தாழ ஒரே பகுதியிற் சென்று கூடுகின்றன. ஆதலின், குடலிலே தோன்றும் நோவு கருப்பையிலே தோன்றுவது போலவும், சலப்பையிலே தோன்றுவது சூலகத்திலே தோன்றுவது போலவும் உணரப்படலாம். பெண்ணுக்கு அடிவயிறு நோகின்றது. ஆகவே கருப்பையிலே கோளாறு என்று உடனே துணிதல் தவறாவது இதனாலேயே.

காரணங்களுள் முதன்மையானது எண்டோமெற்றியோசிஸ் என்னும் நோய். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மென்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் கருப்பையின் பின்புறத்திலும் குடலிலும் பற்றி வளர்வதே இந்நோய். மாதந்தோறும் அவ்விழையமும் வீங்கிக் குருதி கசிய, அங்கே அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. கருப்பந்தரிக்கும் வயதினருள் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அதே இழையம் கருப்பைத் தசைக்குள்ளே வளர்வது அடினோமயோசிஸ் எனப்படும். கருக்குழாய்களிலே முன்னர் உண்டான தொற்று, நமது பிரதேசத்திலே மறக்கலாகாத கசநோய்க் கிருமியின் தாக்கம், முன்னைய சத்திர சிகிச்சையால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுதல், இடுப்புக்குழி நாளங்கள் வீங்குதல் ஆகியன வேறு காரணங்கள். குடலின் ஒழுங்கற்ற இயக்கம், சலப்பையின் அழற்சி, வயிற்றுச் சுவர்த் தசையினதும் நரம்பினதும் கோளாறு என்பன பெண்ணுறுப்புக்குப் புறம்பானவை. இவையும் மிகப் பல.

இன்னுமொன்று உண்டு. நோவு பல ஆண்டு நீடிக்குமாயின் நரம்புத் தொகுதியின் இயல்பே மாறிவிடுகின்றது. கள்ளனைக் கண்டு குரைக்கத் தொடங்கிய காவல்நாய், கள்ளன் போய் நெடுநேரமான பின்னரும் இலை அசைந்தாலே குரைப்பதை ஒப்ப, முதற் காரணம் நீங்கிய பின்னரும் நரம்புகள் நோவை அறிவித்துக்கொண்டிருத்தல் கூடும். இந்நிலையை அடைந்தவளை, "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளுவது அறியாமை. நோவு மெய்யே; அதன் இருப்பிடம் மாறிவிட்டது என்பதே உண்மை.

கத்தியின் சரித்திரம்

இந்நோவுக்குச் சத்திர வைத்தியம் செய்த வரலாறு, வைத்தியர்க்குப் பெருமை தருவதும் எச்சரிக்கை தருவதும் ஆகிய இரண்டுமாக உள்ளது. 1809இலே அமெரிக்காவின் கென்ரக்கி மாகாணத்திலே எவ்ரெயிம் மக்டவல் என்பவர், மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலேயே, ஒரு பெண்ணின் சூலகத்திலே வளர்ந்திருந்த பெருங்கட்டியை வயிற்றைக் கீறி அகற்றினார். அப்பெண் பிழைத்து வாழ்ந்தார். காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தி அக்காரணத்தை நீக்கிற்று.

1872இலோ வேறொன்று நிகழ்ந்தது. அமெரிக்காவிலே ரொபேட் பற்றி, இங்கிலாந்திலே லோசன் ரெயிற், சேர்மனியிலே அல்பிரெட் ஹேகார் ஆகிய மூவரும், ஒருவர் செய்வதை ஒருவர் அறியாமலே, கட்டி இல்லாத சூலகங்களையும் அகற்றத் தலைப்பட்டனர். அடிவயிற்று நோவும் மாதவிடாய்த் துன்பமும் மனக்கலக்கமும் தீரும் என்ற எண்ணத்தாற் பற்றி செய்த சிகிச்சை அவர் பெயராலேயே வழங்கிப் பல நாடுகளிற் பரவிற்று. தொடக்க ஆண்டுகளிலே உயிரிழந்தோர் பலர். பிழைத்தோருள்ளும் நோவு நீங்காதோர் இருந்தனர். சூலகம் உடல் முழுவதற்கும் வேண்டிய சுரப்பைத் தரும் உறுப்பு என்பது அந்நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலே தெளிவுபட, அச்சிகிச்சையும் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அதன் பின்னர்க் கருப்பை பின்புறம் சாய்ந்திருத்தலே நோவுக்குக் காரணம் என்று கொண்டு, அதனை முன்னுக்கு இழுத்துத் தைக்கும் சிகிச்சைகள் பல தோன்றின. பெண்களுள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரிடத்திலே கருப்பை இயல்பாகவே பின்சாய்ந்திருக்கும் என்பதும், அவருட் பெரும்பாலார்க்கு அதனால் யாதொரு நோவும் இல்லை என்பதும் பின்னர் அறியப்பட்டன. கண்ணிற் பட்ட ஒரு வேறுபாட்டை நோவின் காரணமாகக் கொள்ளுதல் எத்துணை எளிது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

உள்ளே நோக்குங் கருவி

கத்தியைக் கொண்டு திறந்த பின்னரே காரணத்தைத் தேடும் நிலையை மாற்றியது லப்பறஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி. கொப்பூழின் அருகே சிறு துவாரமிட்டுக் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச்செய்து, ஒளியும் வில்லையும் பொருந்திய மெல்லிய குழாயினூடாக உள்ளுறுப்புகளை நோக்குவது இதன் முறை. சுவீடன் நாட்டு யாக்கோபேயுஸ் 1910இலே மனிதரிடத்து இதனைக் கையாண்டார். பிரான்சிலே ராவூல் பல்மர் 1940களிலே பெண்ணோய்களை ஆராயப் பயன்படுத்தினார். இங்கிலாந்திலே பற்றிக் ஸ்ரெப்ரோ 1967இலே வெளியிட்ட நூலால் இது ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே பரவிற்று. சேர்மனியின் கீல் நகரிலே கூர்ட் செம் என்பவர், நோக்குதற்கு மாத்திரமன்றி அறுத்தற்கும் தைத்தற்கும் ஏற்ற கருவிகளை ஆக்கி, 1980இலே குடல்வாலையும் இம்முறையால் அகற்றினார்.

இக்கருவி வந்தபின் வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. நாட்பட்ட அடிவயிற்று நோவுக்காக உள்ளே நோக்கப்பட்ட பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை 1993இலே தொகுத்து நோக்கியபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடத்திலே எண்டோமெற்றியோசிஸ் காணப்பட்டது; நான்கிலொரு பங்கினரிடத்திலே ஒட்டுதல்கள் காணப்பட்டன; மூன்றிலொரு பங்குக்குச் சிறிது மேற்பட்டோரிடத்திலே கண்ணுக்குப் புலனாகும் கோளாறு யாதும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாமை நோவு இல்லாமையன்று என்பதை முன்னரே கூறினோம். இக்காலத்திலே ஸ்கான் படங்கள் மிகத் தெளிவுற்றமையால், முதலிலே படம் எடுத்தும் மருந்து கொடுத்தும் பார்த்து, அவற்றால் விளங்காத இடத்தும் பயனில்லாத இடத்துமே லப்பறஸ்கோப்பை நாடலாம் என்று ஐரோப்பிய வைத்தியர் சங்கம் 2022இலே அறிவுறுத்தியது.

சிகிச்சைகளும் அவற்றின் பயனும்

இனி, இன்று செய்யப்படும் சத்திர சிகிச்சைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, எண்டோமெற்றியோசிஸ் பற்றிய இடங்களை வெட்டியோ சுட்டோ நீக்குதல். இதன் பயன் நன்கு ஆராயப்பட்டுள்ளது. 2004இலே வெளியான ஆராய்ச்சியொன்றிலே 39 பெண்கள் இரு பகுதியினராக வகுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு நோயிழையம் வெட்டி நீக்கப்பட்டது. மற்றைப் பகுதியினர்க்கு முதன்முறை உள்ளே நோக்கியதன்றி வேறொன்றும் செய்யப்படவில்லை. எவர்க்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்கு மறைக்கப்பட்டது. 6 மாதங்களின் பின், வெட்டி நீக்கப்பட்டோருள் 100க்கு 80 வீதமானோர் நோவு குறைந்தது என்றனர். வெறுமனே நோக்கப்பட்டோருள்ளும் 100க்கு 32 வீதமானோர் அவ்வாறே கூறினர்! இவ்விரு எண்களையும் மாணவர் சேர்த்தே நினைவில் வைத்தல் வேண்டும். முதலெண், தக்க இடத்திலே கத்தி மெய்யாகவே பயன்படும் என்பதைக் காட்டும். இரண்டாமெண், கத்தி வைத்தபின் நோவு குறைந்தது என்பதனாலேயே கத்திதான் அதனைக் குறைத்தது என்று துணியலாகாது என்பதைக் காட்டும். மேலும் இந்நோய் மீளுந் தன்மையது. சிகிச்சை பெற்றோருள் 5 ஆண்டுகளுள் 100க்கு ஏறத்தாழ 40 முதல் 50 பேர்வரை மீண்டும் நோய் தோன்றலாம் எனத் தொகுப்பாராய்ச்சிகள் கூறுகின்றன. ஆதலின், உடனே பிள்ளைப்பேற்றை விரும்பாதோர்க்குச் சிகிச்சையின் பின்னர் ஓமோன் மருந்து கொடுக்கப்படுகின்றது.

இரண்டாவது, ஒட்டுதல்களை அறுத்து விடுவித்தல். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் சிகிச்சை இது: ஒட்டியிருப்பது இழுக்கின்றது, இழுப்பது நோகின்றது, அறுத்தால் நோவு தீரும். ஆயினும், ஒல்லாந்து நாட்டிலே 100 நோயாளிகளிடத்து நடத்தப்பட்டு 2003இலே வெளியான ஆராய்ச்சியிலே, அறுக்கப்பட்டோரும் நோக்கி மாத்திரம் விடப்பட்டோரும் ஓராண்டின் பின் ஒத்த அளவினதாகவே ஆறுதல் பெற்றனர். அறுத்த புண்ணே மீண்டும் ஒட்டுவதும், அறுக்கும்போது குடல் காயப்படுவதும் உண்டு. ஆகவே நோவு ஒன்றுக்காகவே இதனைச் செய்தல் இன்று உவந்து ஏற்கப்படுவதில்லை; குடல் அடைபட்டால் அது வேறு.

மூன்றாவது, நோவைக் கொண்டு செல்லும் நரம்பை அறுத்தல். பிரான்சிலே யபூலே என்பவரும் இத்தாலியிலே ருஜ்ஜி என்பவரும் 1899இலே இவ்வழியைத் தொடங்கினர். லியோன் நகரத்துக் கொற் என்பவர் 1920களிலே இதனை வளர்த்தார். கருப்பையின் பின்னுள்ள இழைகளிலே நரம்பைச் சுட்டழிக்கும் எளிய முறையொன்று லப்பறஸ்கோப்போடு பெருவழக்காயிற்று. பிரித்தானியாவிலே 18 வைத்தியசாலைகளிலே 487 பெண்களிடத்து அது பரிசோதிக்கப்பட்டு, 2009இலே முடிபு வெளியாயிற்று. நரம்பு சுடப்பட்டோர்க்கும் சுடப்படாதோர்க்கும் நோவிலே வேறுபாடு இல்லை. பல ஆண்டுகளாக நம்பிக்கையோடு செய்யப்பட்டதொரு சிகிச்சை, ஒழுங்கான ஒரு பரிசோதனையாற் கைவிடப்படலாயிற்று.

நான்காவது, கருப்பையை முற்றாக அகற்றுதல். இதுவே நம்மவரிடத்து மிகுந்த அச்சத்தையும், சிற்சில வேளை மிகுந்த அவசரத்தையும் உண்டாக்குவது. கருப்பையே நோவின் காரணம் எனக் கருதப்பட்டு அஃது அகற்றப்பட்ட 308 பெண்களின் நிலை அமெரிக்காவிலே ஆராயப்பட்டு 1995இலே வெளியிடப்பட்டது. ஓராண்டின் பின், 100க்கு 74 பேர்க்கு நோவு முற்றாக நீங்கிற்று. 21 பேர்க்குக் குறைந்தது, ஆனால் நீங்கவில்லை. 5 பேர்க்கு முன்போலவே இருந்தது அல்லது மிகுந்தது. இளவயதினரிடத்தும், கோளாறு எதுவும் காணப்படாதோரிடத்தும் நோவு எஞ்சுதல் மிகுதி. அடினோமயோசிஸ் போன்று காரணம் கருப்பையிலேயே உள்ளது எனத் தெளிந்து, மருந்தாலும் ஓமோன் பொதிந்த கருப்பை வளையத்தாலும் குணமாகாது, பிள்ளைப்பேறும் நிறைவெய்திய பெண்ணுக்கு இச்சிகிச்சை பெரும் விடுதலையாகும். காரணம் தெளியாத இளம்பெண்ணுக்கோ, திரும்பப் பெறமுடியாத ஒன்றை இழந்தும் நோவு நீங்காத நிலையை இது தந்துவிடலாம். கருப்பையோடு நல்ல சூலகங்களையும் அகற்றுவதாயின், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுக்கு முன்னரே என்புகள் நொய்மையடைதலும் இருதயநோய் வருதலும் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கத்தி வேண்டாத இடங்கள்

சத்திர சிகிச்சையைப் பற்றிய கட்டுரையிலே அதனைத் தவிர்க்கும் வழியையும் கூறாதொழிதல் முறையன்று. வயிற்றுச் சுவரிலுள்ள நோவை அறிதற்குக் காணெற் என்பவர் 1926இலே கூறிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, நோகும் இடத்தை வைத்தியர் விரலால் அழுத்திக்கொண்டு, தலையையும் தோளையும் சிறிது உயர்த்தும்படி சொல்லுவர். வயிற்றுத் தசை இறுகும்போது நோவு மிகுமாயின், அது பெரும்பாலும் உள்ளுறுப்பின் நோவன்று, சுவரின் நோவு. சிசேரியன் தழும்பின் ஓரத்திலே நரம்பு சிக்கியிருத்தல் இதற்கொரு காரணம். அவ்விடத்திலே விறைப்பு ஊசி மருந்து இடுவதாலேயே பலர் ஆறுதல் பெறுவர். அத்தழும்பிலேயே எண்டோமெற்றியோசிஸ் வளர்ந்து, மாதந்தோறும் வீங்கி நோகும் கட்டியாதலும் உண்டு. அதற்குக் கட்டியை வெட்டி நீக்குதலே வழி. ஒரே தழும்பிலே வரும் இரு நோவுக்கும் இருவேறு பரிகாரம்!

கசநோய்க்கும் பிற தொற்றுகளுக்கும் மருந்தும், குடற்கோளாறுக்கு உணவு ஒழுங்கும், இடுப்புத் தசை இறுக்கத்துக்கு உடற்பயிற்சி வைத்தியமும் உள்ளன. மருந்தென்றால் எல்லாம் பயன்படும் என்பதுமில்லை. காரணம் தெரியாத நோவுக்குப் பலராலும் கொடுக்கப்பட்ட கபாபென்ரின் என்னும் மருந்து, 306 பெண்களிடத்துப் பரிசோதிக்கப்பட்டபோது, வெறுங்குளிகையினும் மேலானதன்று என்று 2020இலே அறியப்பட்டது. கத்தியை எந்த உரைகல்லில் உரைக்கின்றோமோ அதே உரைகல்லிலே மருந்தையும் உரைத்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் கூறிவந்தது நாட்பட்ட நோவைப் பற்றியது. திடீரெனத் தாங்கவொண்ணா நோவு வருதல், மாதவிடாய் தவறியபின் நோவும் மயக்கமும் வருதல், நோவுடன் கடுங்காய்ச்சல் காணுதல் ஆகியன உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டியவை. மாதவிடாய் நின்ற பின்னர்க் குருதி காணுதலும், வயிற்றிலே கட்டி தென்படுதலும், காரணமின்றி உடல் மெலிதலும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியவை. அவ்விடங்களிலே பொறுமை நன்மை தராது.

நோவைச் சொல்லுஞ் சொல்

மேற்கூறிய பரிசோதனைகள் யாவற்றிலும் முந்தியது, நோயாளி தன் நோவைத் தன் சொல்லாற் சொல்லுதல். இவ்வகையிலே தமிழ் வறிய மொழியன்று. உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, பிடிப்பு, முறுக்கு, பாரம் என நோவின் வேற்றுமைகளை நம் பாட்டிமார் நன்கறிவர். அவ்வொவ்வொன்றும் வைத்தியர்க்கு ஒரு வழிகாட்டி. மாலையானதும் மிகுந்து, படுத்தால் தணியும் உளைவும் பாரமும், பல பிள்ளை பெற்றவளிடத்து, நாளங்கள் வீங்கியமையைக் குறிக்கலாம். முறுக்கி வலித்து மலங்கழிந்ததும் தணிவது குடலைச் சுட்டும். சலம் நிரம்ப மிகுந்து கழிக்கக் குறைவது சலப்பையைச் சுட்டும். தழும்பை ஒட்டிச் சுரீரென்று எரிவது நரம்பைச் சுட்டும். மாதவிடாய்க்கு இரண்டொரு நாள் முன்பே தொடங்கி, அந்நாட்களிலே மலங்கழிக்கும்போது குத்துவதும், தாம்பத்திய வேளையிலே ஆழத்தில் நோவதும் எண்டோமெற்றியோசிஸ் என ஐயுறச் செய்யும்.

மலைநாட்டிலோ இச்சொற்கள் வைத்தியர் செவியை அடைவது எளிதன்று. தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண், சரிவிலே நாள் முழுவதும் நின்று பாரம் சுமப்பவள். இடுப்பு நோவது வேலையின் இயல்பு என்று தானே எண்ணிக்கொள்வாள். கிளினிக்குக்குப் போகும் நாளிலே அவளுக்கு ஒரு பேர் இல்லாமற் போகின்றது. நோவோடு மலைக்குப் போய்க் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தோட்டத்து டிஸ்பென்சரியிலே பெறும் நோவுக் குளிகையோடு ஆண்டுகள் கழிகின்றன. ஈற்றிலே நகரத்து வைத்தியசாலையை அடைந்தாலும், அங்குள்ள வைத்தியர் சிங்களம் மாத்திரம் அறிந்தவராயின், மொழிபெயர்ப்பவர் உடன்வந்த மகனோ மருமகனோ ஆவர். தாம்பத்திய வேளையில் நோகின்றது என்பதை மகன் வாயிலாக எந்தத் தாய் சொல்லுவாள்? "வயிறு நோகுதாம்" என்னும் ஒரு சொல்லிலே எல்லாம் அடங்கிவிடும். அவ்வொரு சொல்லைக்கொண்டு மிகச் சிறந்த வைத்தியரும் காரணத்தைக் காணுதல் அரிது. காரணம் காணாதவிடத்து, ஒன்று அலட்சியம் நேரும்; அன்றேல் அவசரக் கத்தி நேரும்.

வைத்தியத்தைத் தமிழ்ச் சொல்லாலே சொல்லலாம் என்பதை இந்நாடு நெடுங்காலத்தின் முன்னரே கண்டது. 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மாணவர்க்குத் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1857இலே பிரசவ வைத்தியத்தையும், 1867இலே இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக வெளியிட்டார். கண்டியின் அயலிலே, பேராதனையிலே, வைத்தியபீடம் தொடங்கிய ஆண்டு 1962. அங்கே பயின்று வெளிவந்தோருள்ளும் இனிப் பயிலப் போவோருள்ளும் நம் மாணவர் உண்டு. அவர் வேண்டும் அறிவை ஆங்கிலத்திலே பெறுக. நோயாளியின் சொல்லை அவள் மொழியிலே கேட்கவும் பயில்க. தமிழ் மாணவர் சிங்களத்தையும் சிங்கள மாணவர் தமிழையும் நோயாளியின் பொருட்டேனும் கற்றல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நோவுடைய பெண் முதலிலே செய்யத்தக்கது, 2 அல்லது 3 மாதங்களுக்கு ஒரு கொப்பியிலே குறிப்பு எழுதுதல். நோவு வந்த நாள், மாதவிடாய் நாள், நோவின் வகை, எதனால் மிகுந்தது, எதனாற் தணிந்தது என்னும் ஐந்தும் போதும். எழுத அறியாத தாய்க்கு மகள் எழுதலாம். அக்கொப்பியை வைத்தியர் கையிற் கொடுப்பின், வெட்கமும் மொழித்தடையும் பாதி நீங்கும். கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் பெண்ணோயியற் பிரிவுகள் உள்ளன. அரசினர் வைத்தியசாலைகளாதலின் கட்டணம் இல்லை. ஊரிலே முதலில் அணுகத்தக்கவர், முன்னே மருத்துவ மாது எனப்பட்ட குடும்ப நல உத்தியோகத்தர். 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதடைந்த பெண்களைச் சிறப்பாக அழைக்கின்றன. அங்கேயும் இந்நோவைச் சொல்லலாம்.

சத்திர சிகிச்சை வேண்டும் என்று கூறப்பட்டால், சம்மதப் பத்திரத்திலே ஒப்பமிடுமுன் கேட்கத்தக்க வினாக்கள் ஐந்து. நோவின் காரணம் யாது, அஃது எவ்வாறு தெளியப்பட்டது? இச்சிகிச்சையால் நோவு நீங்கும் வாய்ப்பு எவ்வளவு? மருந்தால் முயன்று பார்த்தாயிற்றா? எவ்வுறுப்பு அகற்றப்படும், எது விடப்படும்? பின்னர்ப் பிள்ளைப்பேறும் மாதவிடாயும் எவ்வாறாகும்? இவற்றைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் இவ்வினாக்களை வரவேற்பர்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன். முதல் மூன்றையும் பற்றி உலகம் மிகப் பேசுகின்றது. நான்காமவர் நாமே. வீட்டிலே ஒரு பெண் மாதக்கணக்காக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடமாடுவதைக் கண்டும் காணாதிருப்பவர் அந்நான்காங் கூற்றைக் கைவிட்டவராவர். நோவை நம்பி, காரணத்தைத் தேடச்செய்து, வேண்டுமிடத்துக் கத்திக்குத் துணைநின்று, வேண்டாவிடத்து அதனைத் தடுத்து நிற்பவரே அக்கடனைச் செய்தவராவர். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் தத்தம் இல்லத்திலே அக்கடனை ஆற்றுவாராக.